வீடியோ வழியே மொழி கற்பிக்கும் எங்கள் தொண்டுத் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பல்கலைக்கழகத்திலும் உயர்தர வகுப்பிலும் படிக்கிற சிலர் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. தமிழ் பேசுவோருக்குச் சிங்களமும் ஆங்கிலமும், சிங்களம் பேசுவோருக்குத் தமிழும் சின்னச் சின்ன வீடியோக்களாகச் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறோம். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இது நடக்கவில்லை. எந்தக் கட்சியும் பின்னால் இல்லை. சேர விரும்புகிறவர்களும், தங்கள் ஊரில் இதுபோல் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும், "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

யூடியூப்பில் மொழிப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றனவே. நீங்கள் வேறு எதற்கு?

கொட்டிக் கிடப்பது உண்மைதான். அவற்றை வரிசையாகப் பார்த்துத் தீர்த்தவர்கள் நம்மில் ஏராளம். நிறங்களின் பெயர், கிழமைகளின் பெயர், ஒன்று முதல் நூறு வரை எல்லாம் தெரியும். பஸ்ஸில் நடத்துநர் ஒரு கேள்வி கேட்டதும் வாய் ஒட்டிக்கொள்ளும். கேட்டதைப் புரிந்துகொள்வது ஒரு திறமை, திருப்பிப் பேசுவது வேறொரு திறமை. முதலாவதை வீடியோ தரும். இரண்டாவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

அதனால் எங்கள் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு வேலை இருக்கும். உதாரணமாக, "கல்முனையில் இருந்து அம்பாறைக்குப் போகிறீர்கள். டிக்கெட் வாங்குங்கள், சந்தியில் இறக்கிவிடச் சொல்லுங்கள்" என்று சொல்லுவோம். கற்பவர் அதைச் சிங்களத்தில் பேசி வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். எங்களில் ஒருவர் அதைக் கேட்டு, குரல் பதிவிலேயே பதில் சொல்லுவார். இந்த வேலை செய்பவரைக் 'கேட்பவர்' என்று அழைக்கிறோம். ஒரு கேட்பவரிடம் ஏழு பேருக்கு மேல் ஒப்படைப்பதில்லை. அதற்கு மேல் போனால் பதில்கள் "நல்லது, தொடருங்கள்" என்று தேய்ந்துவிடும்.

எங்கள் திட்டத்தில் வீடியோ பாதிதான். மற்றப் பாதியைச் சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் தனியாக ஒரு சேனல் தொடங்கிக்கொள்ளலாம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்ப்பது நமது உரிமை. பிறகு ஏன் சிங்களம் படிக்கச் சொல்கிறீர்கள்?

உரிமைதான். அதில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை மறக்காத பெரியவர்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களே அவர்கள்தாம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம், அரச அலுவலர் எவருடனும் தமிழிலோ சிங்களத்திலோ தொடர்புகொண்டு அலுவல் பார்க்கும் உரிமையை விரிவாக எழுதி வைத்தது. தமிழில் படிவம் கேட்பது எப்படி, தமிழில் முறைப்பாடு எழுதச் சொல்வது எப்படி என்று ஒரு பாடமே வைத்திருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோரிக்கையைச் சிங்களத்தில் சொன்னால்தான் கவுன்டருக்கு அப்பால் இருப்பவருக்குப் புரிகிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நள்ளிரவில் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கு, "மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று வாந்தியும் எடுத்தான்" என்று டாக்டருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உரிமையைப் பற்றி மறுநாள் கடிதம் எழுதலாம்.

இந்தச் சுமை ஒரு பக்கத்தார் தலையில் மட்டும் ஏறக்கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 இலக்கச் சுற்றறிக்கை விதித்தது. பரீட்சைக்குப் படித்துப் பாஸானவர்கள் பலர் உண்டு, "எந்த இடத்தில் நோகிறது?" என்று ஆச்சிக்கு விளங்கும்படி கேட்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆகவே ஒரு சிங்களப் பாடம் வெளிவந்தால் அடுத்து ஒரு தமிழ்ப் பாடம் வெளிவந்தே ஆக வேண்டும். இந்த விதியை யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

பாடத்தில் வருபவர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவராக இருக்க வேண்டுமா?

இருவர் வேண்டும். விளக்குபவர் அந்த மொழியைத் தாமே கஷ்டப்பட்டுக் கற்றவராக இருந்தால் நல்லது. எங்கே கால் இடறும் என்று அவருக்குத் தெரியும். உச்சரித்துக் காட்டுபவர் மட்டும் தாய்மொழிக்காரராக இருந்தே ஆக வேண்டும்.

காரணம் எளிது. தமிழ் எழுத்தில் க, ட, த, ப என்று ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளுக்கு வேலை செய்கிறது. சிங்களத்தில் அவை தனித்தனி எழுத்துகள், தனித்தனிப் பொருள். 'பலனவா' என்று தமிழில் எழுதிக் காட்டும் சொல்லை, 'பம்பரம்' என்பதன் இரண்டாவது ப போல அழுத்தம் குறைத்துச் சொன்னால் 'பார்ப்பது'. முதலாவது ப போல அழுத்திச் சொன்னால் விறகு பிளப்பது. "டாக்டர் பார்ப்பாரா?" என்று கேட்க நினைத்தவர் வேறொன்றைக் கேட்டுவிடுவார். தமிழ் எழுத்தில் அச்சடித்த சிங்களக் கையேடுகள் எல்லாவற்றிலும் உள்ள குழி இது. வீடியோ தப்பித்துக்கொள்வது இங்கேதான்: காதால் கேட்கலாம், உதட்டைப் பார்க்கலாம். அதற்காகவே உச்சரிப்பவரின் வாயை ஒரு முறை அருகில் காட்டுகிறோம்.

இன்னொரு ஒலி, ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில் நிற்கும் உயிர். சிங்களத்தில் 'இல்லை' என்று சொல்லும் சொல்லிலேயே அது வருகிறது. நம்மவர்கள் அதை 'நே' என்று சொல்லி ஒப்பேற்றுவார்கள். அந்த ஒரு ஒலி பழகினால் ஆங்கிலத்தில் 'பேங்க்' என்று சொல்வதும் தானாகவே திருந்தும்.

தமிழ் பேசுகிறவருக்குச் சிங்களம் கடினமா?

பேச்சுச் சிங்களம் நினைப்பதைவிட எளிது. சொல் வரிசை நம்முடையதுதான். "மட்ட வத்துர ஓன" என்பதை அப்படியே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் "எனக்குத் தண்ணீர் வேண்டும்." வினைச்சொல்லும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. நான், நீ, அவர் எவர் போனாலும் 'யனவா'தான். தமிழ் படிக்கும் சிங்கள மாணவர்கள் போகிறேன், போகிறாய், போகிறார், போகிறது என்று பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது எங்களுக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

எழுத்துச் சிங்களம் வேறு கதை. அதில் வினை மாறும், சொற்களும் மாறும். பத்திரிகை வாசிப்பதும் பரீட்சை எழுதுவதும் உங்கள் நோக்கம் என்றால், எங்கள் பாடங்கள் தொடக்கத்துக்கு மட்டுமே உதவும்.

ஓர் எச்சரிக்கை. 'ஒயா' என்பதை நண்பருக்குச் சொல்லலாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உத்தியோகத்தரைப் பார்த்துச் சொல்லக்கூடாது. பல வீடியோக்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. நாங்கள் முதல் பாடத்திலேயே 'மஹத்தயா' (ஐயா), 'மிஸ்' என்று விளிப்பதைப் பழக்குகிறோம்.

சிங்களம் பேசுவோருக்கு எந்தத் தமிழைக் கற்பிக்கிறீர்கள்?

இங்கே பேசும் தமிழை. அம்பாறை நகரில் இருக்கும் ஒருவருக்கு அக்கரைப்பற்றுச் சந்தையிலும் சம்மாந்துறையிலும் காதில் விழுவது சென்னைத் தமிழ் அல்ல. மட்டக்களப்புப் பேச்சு, தமிழ்ப் பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். கற்பவருக்கு அது ஒரு வசதி: பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் தூரம் குறைவு. "என்ன மனே" என்று ஒரு வயோதிபர் அழைத்தால் அது ஏச்சு அல்ல, அன்பு என்பதையும் சொல்லி வைக்கிறோம். முஸ்லிம் ஊர்களின் பேச்சுக்குத் தனியாக உரையாடல்கள் உண்டு. அவற்றைக் காத்தான்குடி, நிந்தவூர்ப் பக்கத்துத் தொண்டர்களே எழுதுகிறார்கள்; வேறு யாரும் கைவைப்பதில்லை.

ஆங்கிலம்?

உண்டு, ஆனால் குறைவு. அதற்கு டியூஷனும் இணையமும் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன. நேர்முகப் பரீட்சை, தொலைபேசி உரையாடல் என்று இரண்டு வரிசைகள் மட்டும் செய்கிறோம்.

வீடியோ எடுக்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

கையில் இருக்கும் போன் போதும். கமராவுக்காகக் காசு சேர்க்காதீர்கள். செலவழிக்க ஒரு தொகை இருந்தால் சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்று வாங்குங்கள். மங்கலான படத்தை மன்னிப்பார்கள். 'ப' எது, அழுத்தம் குறைந்த 'ப' எது என்று கேட்காத பாடத்தை யார் வைத்து என்ன செய்வது?

சத்தம்தான் எங்கள் முதல் எதிரி. மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். வெறுஞ்சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும். அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளைப் பார்த்தபடி பேசினால் எதிரொலி அடங்கிவிடும். மாலையில் பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் இசையோடு தெருவுக்குள் திரும்பும். அது போகும்வரை பொறுத்திருங்கள். கல்லடிக் கடற்கரையில் நின்று எடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்று ஒலிவாங்கியில் அறைந்து ஒரு சொல்லையும் தெளிவாக விடாது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் தகரக் கூரை வீடுகளில் பதிவு செய்யவே முடியாது. அதனால் ஐப்பசிக்குள் சில பாடங்களை எடுத்துச் சேமித்து வைத்துவிடுவோம். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியோடு யாரும் போட்டியிட வேண்டாம். அந்த வாரம் எழுத்து வேலை பாருங்கள்.

வெளிச்சத்துக்கு யன்னலைப் பார்த்தபடி உட்காருவது போதும். யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

ஒரு பாடம் எவ்வளவு நீளம்?

ஆறு நிமிடத்துக்குள். எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 இலட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்குக் குறைந்தவற்றையே மாணவர்கள் கடைசிவரை பார்க்கிறார்கள் என்று காட்டியது. அது அமெரிக்கக் கணினி, இரசாயனவியல், புள்ளிவிபரவியல் வகுப்புகளைப் பற்றியது என்றாலும், எங்கள் ஊரில் டேட்டா எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும்.

அந்த ஆறு நிமிடத்தில் சுழலும் முத்திரை, முரசு, "வணக்கம் நண்பர்களே, மறக்காமல் சப்ஸ்கிரைப் செய்யுங்கள்" எதுவும் கிடையாது. முதல் வசனமே உரையாடலின் முதல் வரியாக இருக்க வேண்டும். உரையாடலை ஒரு முறை இயல்பான வேகத்தில் கேட்கச் செய்து, பின் துண்டு துண்டாகப் பிரித்து, பார்ப்பவர் சொல்லிப் பார்க்க உண்மையாகவே இடைவெளி விட்டு, மறுபடி இயல்பான வேகத்தில் முடிக்கிறோம். அந்த இடைவெளி எடிட் செய்பவருக்கு எப்போதும் நீளமாகத் தோன்றும். வெட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகம் காட்ட விருப்பமில்லை. வீட்டிலும் விடமாட்டார்கள். சேரலாமா?

தாராளமாக. எங்கள் பாடங்களில் கணிசமானவை கைகளையும் பொருள்களையும் மட்டும் காட்டுபவை: மேசைமேல் ஒரு மருந்துச்சிட்டை, பஸ் டிக்கெட், மீன் தராசு, பின்னால் குரல். குரலும் வேண்டாம் என்றால் உரையாடல் எழுதலாம், வசனவரிகள் இடலாம், படம் வரையலாம்.

முகத்தைவிடத் தொலைபேசி இலக்கமே பெரிய பிரச்சினை. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு நள்ளிரவில் "ஹாய்" வருவது அப்படித்தான். ஆகவே கற்பவர்களுக்குக் குழுவே கிடையாது. திட்டத்துக்கென்று வாங்கிய சிம் இலக்கத்துக்குக் குரல் பதிவு வரும். பொறுப்பாளர் இருவர் அதைக் கேட்பவர்களிடம் சேர்ப்பார்கள். ஒரு படி கூடுதல் வேலைதான், ஆனால் பெற்றோர் சம்மதித்ததே இதனால்தான். பெண்களின் பதிவுகளைப் பெண்களே கேட்க வேண்டும் என்று விரும்பினால் அதற்கும் வழி செய்கிறோம்.

சிறுவர்கள் வீடியோவில் வரலாமா?

பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு மட்டும். பாடசாலைச் சீருடை, பாட்ஜ், பெயர் எதுவும் தெரியக்கூடாது. சம்மதத்தை எப்போது மீளப் பெற்றாலும் வீடியோவை அகற்றிவிடுவோம்; காரணம் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை. டேட்டாவுக்கும் காசு இல்லை. என்ன செய்வது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி. ஆறு நிமிட வீடியோவை உயர்தரமான 1080 அளவில் ஏற்றும்போது ஏறத்தாழ 360 எம்.பி. வரும். அதையே நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற கணக்கில் 480 அளவுக்குச் சுருக்கினால் 45 எம்.பி.தான். அப்படிச் சுருக்கிய நூறு பாடங்கள் 4.5 ஜி.பி.; ஒரு 8 ஜி.பி. மெமரி கார்டில் அடங்கிவிடும். வார இறுதியில் ஊருக்குப் போகும் தொண்டர்கள் கார்டை எடுத்துச் சென்று, கற்பவர்களின் போன்களுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். இணையம் வேண்டாம். குரல் பதிவு அனுப்ப மட்டும் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தால் போதும். ஒரு நிமிடக் குரல் பதிவு வீடியோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டேட்டா தீர்ந்துபோன கேட்பவர்களுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கிறோம். திட்டத்தின் செலவில் பெரும் பகுதி இதற்கே போகிறது.

பாடநூல் பக்கங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் பயன்படுத்தலாமா? பின்னணி இசை?

பக்கங்களை அப்படியே படம்பிடித்துப் போடக்கூடாது. அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வினாவின் வகையைப் பார்த்து நீங்களே புதிதாக எழுதுங்கள், அது உங்களுக்கும் பயிற்சி. சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். உச்சரிப்புப் பாடத்துக்குப் பின்னணி இசையே தொல்லை.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி விசாரிப்பவர்களும் உண்டு. வரைவுக்குப் பயன்படுத்துங்கள், தாய்மொழிக்காரர் ஒருவர் வாசித்துச் சரி சொல்லாமல் பதிவுக்குப் போகக்கூடாது. மரியாதைச் சொற்களில்தான் அது பெரும்பாலும் கவிழ்க்கிறது.

இதில் பணம் வருமா?

வராது. 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் யூடியூப்பின் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்கலாம் என்பது தெரியும். கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காசு வரத் தொடங்கிய நாளே "யார் வீடியோவுக்கு எவ்வளவு?" என்ற பேச்சும் வந்துவிடும். நாங்கள் கேட்காவிட்டாலும் யூடியூப் தன் கணக்கில் விளம்பரம் போடலாம். அதைத் தடுக்க எங்களால் முடியாது. நன்கொடையாக டேட்டா, ஒலிவாங்கி, பழைய போன் ஏற்கிறோம். காசாக ஏற்பதில்லை.

சான்றிதழ் தருவீர்களா?

கற்பவர்களுக்கு இல்லை. தொண்டர்களுக்கு என்ன வேலை செய்தார்கள் என்று விவரமாக எழுதிய கடிதம் தருகிறோம். மூன்று பாடத்துக்கு உரையாடல் எழுதியவருக்கு அதுதான் எழுதப்படும். "திட்டத்தின் தூண்" என்று எழுதித் தரமாட்டோம்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கேட்பவருக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம். பஸ்ஸில் போகும்போதே செய்யலாம். வீடியோ செய்பவருக்கு ஒரு பாடத்துக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போய்விடும். பரீட்சைக்கு முந்திய மாதம் யாரையும் கேட்பதில்லை. நோன்பு காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வேலை மெதுவாகும். அதற்குத் தகுந்தபடிதான் அட்டவணை. வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குரல் பதிவு அனுப்பிவிட்டு நான்கு நாள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவர் ஐந்தாம் நாள் திரும்பி வரமாட்டார்.

ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழியையும் கற்பிக்கலாமே?

நல்ல யோசனை. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் விட்டுப்போன மொழி இங்கே கலந்து உருவெடுத்து, இன்றும் மட்டக்களப்பின் சில பறங்கியர் வீடுகளில், பெரும்பாலும் மூத்தவர்கள் வாயில், இருக்கிறது. அலுமாரி, சப்பாத்து, மேசை என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். ஆனால் இதைக் கற்பிப்பதா, வேண்டாமா என்பதை அந்தச் சமூகத்தவரே முடிவு செய்ய வேண்டும். கமராவைத் தூக்கிக்கொண்டு வயதானவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதை நாங்கள் விரும்பவில்லை. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் யாராவது தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து தொடங்குவதாக இருந்தால், ஒலிவாங்கியும் எடிட் செய்யும் ஆளும் எங்களிடம் தயார்.

நீங்கள் படிப்பு முடித்துப் போனதும் இதெல்லாம் என்னவாகும்?

மாணவர் திட்டங்கள் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். தொடங்கியவரின் சொந்த மின்னஞ்சலில் சேனல் இருக்கும். அவர் வெளிநாடு போவார், கடவுச்சொல் மறந்துபோகும், இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான குறியீடு ஒரு பழைய சிம்முக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சேனலைத் திட்டத்துக்கென்றே திறந்த கணக்கில் வைத்திருக்கிறோம். யூடியூப்பில் கடவுச்சொல்லைப் பகிராமலேயே ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பொறுப்புக் கொடுக்கும் வசதி உண்டு. எந்த நேரத்திலும் மூன்று பேர் உரிமையாளர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது முதலாம் அல்லது இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்க வேண்டும். ஒருவராவது அம்பாறைப் பக்கத்தவராக இருக்க வேண்டும்.

மூல வீடியோ, உரையாடல் கோப்பு, சம்மதக் கடிதங்கள் எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு ஊர்களில் இருக்கின்றன. ஒன்று வெள்ளம் வராத மேட்டு நிலத்தில். பாடங்களைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருப்பதால், எங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்து மாற்றி மறுபடி போடலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை. புதிதாகப் பொறுப்பேற்பவர் முதல் மாதம் வீடியோ எதுவும் செய்யமாட்டார், கேட்பவராக மட்டும் இருப்பார்.